டொமேன்: ஒயின் லேபிளில் ஒரு காணி

'லெஃப்லேவ்' என்ற பெயர் போட்ட இரண்டு வெள்ளை ஒயின் பாட்டில்களை அக்கம்பக்கமாக வைத்துப் பாருங்கள். இரண்டும் பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில், புலினி-மொன்ராஷே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த ஒரே குடும்பத்தின் பெயரில் வருபவை. ஒன்றில் பெயருக்கு முன்னால் 'டொமேன்' என்றிருக்கும்; மற்றதில் 'ஒலிவியே' என்று ஆள் பெயர். விலையோ எட்டாத தூரத்தில் வேறுபடும். அந்த முன்சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தால் வித்தியாசம் பாதி புரிந்துவிடும்.

லத்தீனில் 'டோமுஸ்' என்றால் வீடு. வீட்டுக்கு உடையவன் 'டோமினுஸ்'; அவனுடைய உரிமை 'டோமினியும்'. அது பிரெஞ்சில் தேய்ந்து டொமேன் ஆனது. இணைய முகவரிக்குச் சொல்கிறோமே 'டொமைன்', அதுவும் இதே சொல்தான். அதற்குத் தமிழில் 'ஆள்களம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கணினிக்குச் சரி, திராட்சைக் கொடிக்கு அது ஒட்டவில்லை.

பிரான்ஸில் டொமேன் என்று நினைத்தபடி அச்சடித்துக்கொள்ள முடியாது. அந்த வீட்டார் பயிரிடும் நிலத்தில் விளைந்த திராட்சையாக இருக்க வேண்டும், ஒயினாக ஆக்கியதும் அவர்களாகவே இருக்க வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும் சொல் 'நெகோசியான்': பிறரிடம் திராட்சையோ சாறோ ஒயினோ வாங்கித் தன் பெயரில் அடைத்து விற்கும் வணிகர். அதன் லத்தீன் மூலத்துக்கு 'ஓய்வு இல்லாமை' என்று பொருள். வியாபாரிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது! ஒலிவியே லெஃப்லேவ் 1984இல் நெகோசியானாகத் தொடங்கிய நிறுவனம். பிறகு சொந்தத் தோட்டங்களும் சேர்ந்தன.

டொமேனுக்குத் தமிழ் என்ன? 'பண்ணை' என்பார்கள், அதில் குடும்பம் வராது. 'தோட்டம்' என்றால் உரிமை வராது. என் தேர்வு 'காணி'. சோழர் காலக் கல்வெட்டுகளில் காணி என்பது வழிவழியாக வரும் நில உரிமை. அதை உடையவர் காணியாளர். இலங்கைத் தமிழில் இன்றைக்கும் நிலத்துக்கு அதுதான் பேச்சுச் சொல். ஒரு சின்ன இடறல் உண்டு: குத்தகைக்கு எடுத்து உழுதாலும் பிரெஞ்சுச் சட்டம் அதை டொமேன் என்றே ஏற்கும். அந்த அளவுக்குக் காணி கொஞ்சம் இறுக்கமான சொல்தான். இருக்கட்டும்.

காணிக்கு இன்னொரு பொருளும் உண்டு: எண்பதில் ஒரு பங்கு. 1804இல் வந்த நெப்போலியன் சட்டத் தொகுப்பு பிள்ளைகள் எல்லாருக்கும் சமபங்கு என்றது. தலைமுறைக்குத் தலைமுறை பர்கண்டித் தோட்டங்கள் துண்டாகிக்கொண்டே போயின. க்ளோ டு வூஜோ என்ற தோட்டம் (சிவப்பு ஒயினுக்குப் பேர்போனது) சுமார் 50 ஹெக்டேர். உடையவர்கள் ஏறக்குறைய 80 பேர். கணக்குப் பார்த்தால் ஆளுக்கு ஒரு காணி! நாலு முந்திரி ஒரு காணி என்பது பழைய வாய்ப்பாடு. திராட்சைக்கும் நமக்கு முந்திரிகை, கொடிமுந்திரி என்ற பெயர்கள் உண்டு. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சரி, விலைக்கேற்ற சரக்கை எப்படிப் பிடிப்பது? பெரிய குடும்பம் சின்ன ஊரில் வைத்திருக்கும் காணியைத் தேடுங்கள். விலையை ஏற்றுவதில் பெரும்பங்கு ஊர்ப்பெயருக்கு. கைப்பக்குவமோ குடும்பத்தோடு கூடவே போகிறது. டொமேன் லெஃப்லேவே தெற்கே மாக்கோன் பகுதியில் நிலம் வாங்கி, 2004 விளைச்சலிலிருந்து 'மாக்கோன்-வெர்ஸே' தருகிறது. மெர்சோ ஊரின் லாஃபோன் குடும்பம் 1999இலேயே அந்தப் பக்கம் போய்விட்டது. அங்கே அவர்கள் லேபிளில் இருப்பது 'எரித்தியே', அதாவது வாரிசுகள். ரொமானே-கோன்த்தி என்ற பெயரை ஒயின் பிரியர்கள் கனவில்தான் காண்பார்கள். அதன் உடைமைக் குடும்பங்களில் ஒன்றான வில்லேன் குடும்பத்துக்கு பூஸ்ரோன் என்ற சிற்றூரில் தனிக் காணி உண்டு. அங்கே விளைவது அலிகோத்தே, பர்கண்டியின் பேர்போன வெள்ளை ஒயின் திராட்சையான ஷார்டொனேயின் நிழலில் கிடந்த திராட்சை. எலுமிச்சை கடித்ததுபோல் சுருக்கென்ற புளிப்பு. புளிப்பு பிடிக்காதவர்கள் மாக்கோனோடு நின்றுகொள்ளலாம்.

அதற்காக டொமேன் இல்லாததெல்லாம் மட்டம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பிரான்ஸின் கிழக்கு ஓரத்து அல்சாஸ் பகுதியில் ட்ரிம்பாக் குடும்பம் 1626 முதலும் ஹூகெல் குடும்பம் 1639 முதலும் ஒயின் தொழிலில் இருக்கின்றன. சொந்த நிலத்தோடு வெளியிலும் திராட்சை வாங்குவார்கள். ட்ரிம்பாக்கின் 'க்ளோ செந்த் ஊன்' சொந்தத் துண்டு நிலத்தில் விளைவது, விலை மலைக்க வைக்கும். அதே வீட்டின் சாதாரண ரீஸ்லிங் (அந்தப் பெயருள்ள வெள்ளைத் திராட்சையின் ஒயின்) அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும். ஹூகெலின் 'ஜான்த்தி' பலவகைத் திராட்சைகளின் கலவை. குடும்பத்தின் கைப்பக்குவத்தை மலிவாகச் சுவைக்க அது போதும். ஜெர்மனியிலும் இதே கதைதான்: 'வைன்குட்' என்றால் காணி, 'வைன்கெல்லெராய்' என்றால் வாங்கி அடைக்கும் நிலவறை.

கடைசியாக, பாட்டிலின் அடியில் இருக்கும் பொடி எழுத்தையும் படியுங்கள். 'மி ஸான் பூத்தேய் ஓ டொமேன்' என்றிருந்தால் 'காணியிலேயே அடைத்தது'. 'டான் நோ காவ்' என்று முடிந்தால் 'எங்கள் நிலவறையில் அடைத்தது'. கேட்க ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். ஆனால் இரண்டாவது வாக்கியம் திராட்சை யாருடையது என்று வாயே திறக்கவில்லை.