அஸ்தமனப் படமும் வியூஃபைண்டரில் வைத்த கண்ணும்

எங்கள் விழித்திரைப் பிரிவுக்கு அடிக்கடி வராத, ஆனால் வந்தால் ஒரே மாதிரி பேசுகிற நோயாளிகள் சிலர் உண்டு. கண்ணில் வலி கிடையாது, சிவப்பு கிடையாது. "படிக்கும்போது நடு எழுத்து மட்டும் காணோம் டாக்டர், பக்கத்து எழுத்தெல்லாம் தெரிகிறது" என்பார்கள். கட்டம் போட்ட தாளைக் கொடுத்து நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னால், புள்ளியைச் சுற்றிக் கோடுகள் நெளிகின்றன என்பார்கள். கண்ணின் உள் அடுக்குகளைப் படமாக்கும் ஓசிடி ஸ்கேனில் விழித்திரையின் நட்டநடுவே, அடி அடுக்கில் பொட்டு மாதிரி ஓர் இடைவெளி தெரியும். "சூரியனைப் பார்த்தீர்களா?" என்றால் இல்லை என்றுதான் முதலில் பதில் வரும். "சுற்றுலா போன இடத்தில் படம் எடுத்தீர்களா?" என்று கேட்டால்தான் கதை வெளியே வரும்: அஸ்தமனத்தைப் படமெடுக்கச் சூரியனையே வெகுநேரம் பார்த்திருப்பார்கள்.

இதில் அடிவானத்தைத் தொட்டு நிற்கும் சிவப்புச் சூரியனுக்குப் பெரிய பங்கில்லை. அந்த நேரத்தில் வெளிச்சம், உச்சி வெயிலை விடச் சுமார் 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. விழித்திரையை அதிகம் கெடுக்கும் நீல ஒளி வழியிலேயே சிதறிப்போய்விடும். ஓரிரு நொடி வெறும் கண்ணால் பார்த்து ரசிப்பதை நான் யாருக்கும் தடுப்பதில்லை. வம்பு அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில்தான். சூரியன் இன்னும் மஞ்சளாகவே இருக்கும். இடம் பிடித்து, முக்காலி விரித்து, படகு சூரியனுக்கு நேராக வரட்டும் என்று கண்ணை எடுக்காமல் காத்திருப்போம். மழை கழுவிய வானமோ மலை உச்சியோ என்றால் காற்றில் தூசியும் குறைவு; சூரியன் அவ்வளவாக மங்காது.

டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) வைத்திருப்பவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதன் வியூஃபைண்டரில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் சாளரத்தில், நீங்கள் பார்ப்பது திரை அல்ல. லென்ஸ் வழியாக வரும் அசல் வெளிச்சம். தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கும் 400 மிமீ டெலி லென்ஸ் போட்டால் சூரியன் பல மடங்கு பெரிதாகி, விழித்திரையில் விழும் மொத்தச் சூடும் கூடுகிறது. "எஃப் 16-ல், லென்ஸ் துளையைச் சின்னதாகத்தானே வைத்திருந்தேன்" என்று சிலர் வாதாடுவார்கள். அந்தத் துளை சுருங்குவது படம் பதிவாகும் கணத்தில் மட்டுமே. நீங்கள் ஃபிரேம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க லென்ஸ் அகலத் திறந்தே இருக்கிறது. ஒளியைக் குறைக்க லென்ஸ் முன் மாட்டும் என்டி ஃபில்டரும் காப்பாற்றாது. 10 ஸ்டாப் ஃபில்டர் ஒளியை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த வடிகட்டியோ லட்சத்தில் ஒரு பங்காக்கும். கறுப்புக் கண்ணாடியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால்தான் சுடும்போது யாரும் கண்ணை எடுப்பதில்லை.

சரி, படமே எடுக்கக் கூடாதா? தாராளமாக எடுங்கள். டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூ போட்டு, பின்பக்கத் திரையைப் பாருங்கள். மொபைலிலும், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவிலும் பார்ப்பது திரைதான் என்பதால் அவ்வழியே கண்ணுக்கு ஆபத்தில்லை. ஆனால் மொபைலுக்கு மேலாக எட்டி எட்டிச் சூரியனையே பார்த்தால் என்ன பயன்? மிரர்லெஸ்ஸில் நீளமான லென்ஸைச் சூரியனை நோக்கியே விட்டுவைத்தால் ஷட்டரும் சென்ஸாரும் கருகலாம், அது வேறு செலவு. காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடக் கை போதும்: நீட்டிய கையின் முஷ்டி சுமார் 10 டிகிரி. சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவே ஒரு முஷ்டி இடமிருந்தால், பூமத்திய ரேகைப் பக்கம் சுமார் 40 நிமிடம்; தள்ளிப் போகப் போக இன்னும் அதிகம். அதுவரை முதுகைக் காட்டி உட்காரலாம். என்னைக் கேட்டால், மேகம் இருக்கும் நாளில் நல்ல நிறமெல்லாம் சூரியன் மறைந்த பிறகுதான் வருகிறது. கூட்டம் கிளம்பிவிடும், நீங்கள் இருங்கள்.

பார்த்தவுடன் கண்ணில் மிதக்கும் பச்சை, ஊதாப் பொட்டு சில நிமிடத்தில் கலைந்துவிடும், அது இயல்பு. அது கலைவதற்குள் பாறையிலோ படிக்கட்டிலோ இறங்காதீர்கள். மறுநாள் காலை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்து, நடுவில் மங்கலோ கோணலோ இருந்தால் விழித்திரை மருத்துவரிடம் போங்கள். இதைச் சரிசெய்ய நிரூபணமான மருந்து எதுவும் இல்லை. பலருக்கு 3 முதல் 6 மாதத்தில் பார்வை தானாகத் தேறுகிறது, சிலருக்கு அந்தப் பொட்டு தங்கிவிடுகிறது. சொட்டு மருந்து வாங்கிப் போட்டு நாள் கடத்தாதீர்கள். வரும்போது எந்த லென்ஸ், எவ்வளவு நேரம், எந்தக் கண்ணால் பார்த்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.