ஒகேனக்கல் இரைச்சல் ஏன் உறுத்துவதில்லை?

ஒகேனக்கல்லில் அருவி ஓரம் நின்றால் பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். ஆனாலும் யாரும் காதைப் பொத்திக்கொள்வதில்லை. அதே ஆட்கள் தொப்பூர் கணவாயில் வண்டி ஓட்டும்போது, பின்னால் வரும் லாரி ஒரு தடவை ஏர் ஹாரனை அலறவிட்டால் போதும், எரிந்து விழுவார்கள். இரண்டுமே சத்தம்தானே?

டெசிபல் கணக்கை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. விழும் தண்ணீர் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதால் எண்ணற்ற குமிழிகள் உண்டாகின்றன. ஒவ்வொன்றும் சுருங்கி விரிந்து அதிர்கிறது. சின்னக் குமிழிக்குக் கீச்சுக்குரல், பெரியதற்குக் கட்டைக்குரல். இதற்கான சூத்திரத்தை 1933-இல் தந்தவர் மார்செல் மின்னார்ட், அவர் ஒரு வானியலாளர் என்பது வேடிக்கை. அதன்படி 1 மி.மீ. ஆரமுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 3,300 முறை அதிரும். இப்படிப் பல சுருதிகளும் ஒன்றாகக் கலந்தால், அதிக ஏற்ற இறக்கமில்லாத ஒரே இரைச்சல்.

மூளை கவனிப்பது மாற்றத்தைத்தான். மாறாத ஒலியைக் கொஞ்ச நேரத்தில், சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒதுக்கிவிடும். ஹாரன் திடீரென்று வருகிறது. என்னவென்று யோசிப்பதற்குள் உடம்பு திடுக்கிட்டு, அட்ரினலின் சுரந்து, நாடித்துடிப்பு ஏறிவிடும். தூங்கும்போது கண்ணை மூடலாம், காதை மூட முடியாது. நெடுஞ்சாலையோர வீடுகளில் முழுதாக விழிக்காமலே தூக்கம் கெடுவது இதனால்தான்.

சாரலில் இருக்கும் எதிர்மின் அயனிகள், அதாவது எதிர் மின்னூட்டம் பெற்ற நுண்துகள்கள்தான் மனதை லேசாக்குகின்றன என்று சிலர் சொல்வார்கள். அயனிகள் இருப்பது உண்மை. மற்றதை அடித்துச் சொல்ல ஆய்வுகள் இடம் தரவில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் கிளாஸும் ஜெரோம் சிங்கரும் செய்து 1972-இல் நூலாக வெளியிட்ட சோதனைகள். ஆட்களை உட்காரவைத்து, விட்டுவிட்டு இரைச்சலைக் கேட்கவைத்தார்கள். சிலரிடம் மட்டும், தாங்க முடியாவிட்டால் இந்தப் பொத்தானை அழுத்தி நிறுத்தலாம், முடிந்தவரை அழுத்தாதீர்கள் என்றார்கள். அவர்களும் அழுத்தவில்லை. அப்படியும், அப்புறம் கொடுத்த, விடையே காண முடியாத புதிர்களோடு பொத்தான் இருந்தவர்களே அதிக நேரம் மல்லுக்கட்டினார்கள். நிறுத்த முடியும் என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

அருவிக்கு நாமாகப் போகிறோம், போதும் என்றால் கிளம்பலாம். ஹாரனுக்கு அந்தப் பொத்தான் இல்லை. அருவிக்கும் எப்போதும் இருப்பதில்லை. கர்நாடக அணைகளைத் திறந்து வெள்ளம் வந்தால் முழக்கம் கூடும், பரிசலுக்குத் தடை போடுவார்கள். பரிசல்காரருக்கு அது அன்றைய வருமானம் போன சத்தம்.