சீவலப்பேரிக்குள்ள ஒரு பாண்டியன்

பாளையங்கோட்டைல சீவலப்பேரி பஸ் ஏறுறவங்க தெனமும் ஒரு பாண்டிய ராஜா பேரைச் சொல்லித்தான் டிக்கெட் எடுக்காங்க, ஆனா அது ராஜா பேருன்னு நெறைய பேருக்குத் தெரியாது. ஸ்ரீவல்லபன்ங்கிற பேரு பாண்டியர்ல ஒருத்தருக்கு மேல உண்டு, 9ஆம் நூற்றாண்டுல ஆண்ட ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் அதுல பெரிய ஆளு. அந்தப் பேருல வெட்டுன பெரிய ஏரி, ஸ்ரீவல்லபப் பேரேரி. இதை நாலு தடவை வேகமா சொல்லிப் பாருங்க, என்ன நடந்துச்சுன்னு உங்க நாக்கே சொல்லிரும்.

மொதல்ல ஸ்ரீ சீ ஆயிரும், ஸ்ரீவில்லிபுத்தூரை பெரியவங்க சீவில்லிபுத்தூர்னு சொல்லிக் கேட்டிருப்பீங்கள்லா, அதே கததான். அப்புறம் 'பப்பே'ல ஒரு ப போயிரும், 'ரேரி'ல ஒரு ர போயிரும். ஒரே மாதிரி சத்தம் ரெண்டு அடுத்தடுத்து வந்தா வாய் ஒண்ணை முழுங்கிரும், இது தமிழ்ல மட்டும் இல்ல, பல பாஷையிலயும் நடக்கு. மிச்சம் நிக்கது சீவலப்பேரி.

இதுல கவனிக்க வேண்டியது, பேரோட முன்பாதிதான் சீக்கிரம் தேயும். அது ஒரு ஆளோட பேரு, ஆள் மறந்தா அர்த்தமும் போச்சு. பின்பாதி அப்படி இல்ல. கண்டியப்பேரி, அலங்காரப்பேரின்னு பல ஊர்ல அதே 'பேரி' திரும்பத் திரும்ப வருது, அதனால அடையாளம் தெரியுற அளவுக்காவது நிக்கு. ஒரு ஊர்ப்பேரைப் புரிஞ்சுக்கணும்னா நான் எப்பவும் வால்ல இருந்துதான் ஆரம்பிப்பேன். நம்ம பக்கத்து வாலெல்லாம் பாருங்க, குளம், ஏரி, பேரி, சமுத்திரம். கோபாலசமுத்திரம், ரவணசமுத்திரம், அம்பாசமுத்திரம், எங்கயும் கடல் கெடையாது, பெரிய குளத்துக்குத்தான் சமுத்திரம்னு பேரு வச்சிருக்காங்க. தாமிரபரணி ஓடுற ஊர்லயே குளத்தை நம்பித்தான் வயல் இருந்துச்சுங்கிறது இந்தப் பேருலயே எழுதியிருக்கு.

ஆனா பேரு தேயுறது மட்டும் இல்ல, மொத்தமாவே மாறியும் போகும். அம்பாசமுத்திரத்துக் கல்வெட்டுல வரகுண பாண்டியன் கோயிலுக்காக 290 காசு ஊர்ச் சபை கையில குடுத்து, வட்டியா வருசத்துக்கு 580 கலம் நெல் அளக்கணும்னு ஏற்பாடு பண்ணுன கணக்கு இருக்கு. அந்தச் சபை எந்த ஊரு சபைன்னு பார்த்தா இளங்கோக்குடி! அதுதான் அப்ப அம்பாசமுத்திரத்துக்குப் பேரு. கல்வெட்டு இல்லன்னா நமக்கு இது தெரிஞ்சிருக்கவே செய்யாது. சேரன்மகாதேவியும் அப்படித்தான், சோழர் காலத்துல நிகரிலிசோழச் சதுர்வேதிமங்கலம்னு ஒரு நீளப் பேரு, அது கல்லுல மட்டும்தான் இருக்கு, வாய்ல நிக்கல.

அர்த்தம் மறந்த சொல்லைக் கேட்டா நம்ம மனசு சும்மா இருக்காது, தெரிஞ்ச ஒரு சொல்லைக் கொண்டுவந்து அதுல ஒட்ட வச்சிரும். எனக்கு ரொம்பப் புடிச்சது திருநெல்வேலி டவுன்ல இருக்க காவல்பிறைத் தெரு. பிறைக்கும் அந்தத் தெருவுக்கும் சம்பந்தமே இல்ல, அது காவற்புரை, அதாவது ஜெயில். புரைன்னா கட்டடம், வீடு, குமரிப் பக்கம் இன்னும் சொல்லுவாங்க, நம்ம பக்கம் அந்தச் சொல்லு வழக்குல இருந்து போனதும் புரை பிறையாயிட்டு. கூலக்கடைத் தெருவும் இதே வகைதான், கூலம்னா தானியம், நெல்லும் பயறும் வித்த கடைத்தெரு, கூலம்ங்கிற சொல்லு மறந்ததும் அதை கூழைக்கடைன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. ரதவீதி மட்டும் மாறவே இல்ல, ஏன்னா வருசா வருசம் ஆனியில நெல்லையப்பர் தேரு அந்த நாலு வீதியும் சுத்தி வருது, அர்த்தம் கண்ணு முன்னால உருண்டு போகும்போது யாரு மறப்பா.

திருநெல்வேலிங்கிற பேருக்கும் இதே மாதிரி ஒரு காவல் உண்டு. வேதசர்மாங்கிற பக்தர் காயப்போட்ட நெல்லை மழைல நனையாம சாமி வேலி போட்டுக் காத்தாருங்கிற கதையை கோயில்ல திருவிழாவாவே நடத்துதாங்க. சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டுல பாடும்போதே ஊரு திருநெல்வேலிதான். இத்தனை நூற்றாண்டா நெல்லும் வேலியும் தேயாம இருக்குன்னா அந்தக் கதைக்கும் அதுல பங்கு இருக்குன்னு நான் நம்புதேன்.

பேரு வெளிநாட்டுல இருந்தும் வரும். நாங்குநேரிப் பக்கம் டோனாவூர், முன்னால புலியூர்க்குறிச்சி. ரேனியஸ் பாதிரியாரோட ஊழியத்துக்கு ஜெர்மன் பிரபு டோனா பணம் குடுத்தாரு, அந்த நன்றிக்கு அவரு பேரு, வால் மட்டும் நம்ம 'ஊர்'. பணம் குடுத்த நம்ம ஆளு பேரும் இப்படி நிக்கும், திருநெல்வேலில கொக்கிரகுளத்துக்கும் ஜங்ஷனுக்கும் நடுவுல 1843ல தெறந்த பாலத்துக்கு, சொந்தக் காசைப் போட்டுக் கட்டுன சுலோச்சன முதலியார் பேரு.

2020ல தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பேரோட இங்கிலீஷ் எழுத்தை உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தச் சொல்லி ஆணை போட்டு, சில நாள்லயே திரும்ப வாங்கிட்டு. அந்தச் சமயம் எனக்குத் தோணுனது இதுதான், எழுத்தை எப்ப வேணாலும் திருத்தலாம், ஆனா வயக்காட்டுல நிக்க ஒரு ஆச்சி தன் ஊர்ப்பேரைச் சொல்லுற விதம் இருக்குல்லா, அது எங்கயும் பதிஞ்சு வைக்கல. உங்க ஊர்ல பெரியவங்க யாராவது இருந்தா ஊர்ப்பேரு, குளத்துப் பேரு, மடைப்பேரு, வயப்பேரு எல்லாத்தையும் சொல்லச் சொல்லி போன்ல ரெக்கார்டு பண்ணி வைங்க, வீட்ல பழைய பத்திரம் இருந்தா அதுல எப்படி எழுதியிருக்குன்னும் பக்கத்துல வச்சுப் பாருங்க.