பாரிஷ் என்றால் பங்கு

இங்கிலாந்து கிராமங்களில் பழைய தேவாலயங்களைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறவர்கள், 'பாரிஷ் சர்ச்', அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள பகுதிக்கான கோயில், என்ற இடம் வந்ததும் திணறிவிடுகிறார்கள். ஊர்த் தேவாலயம், வட்டாரச் சபை என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள், இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நம் கத்தோலிக்க ஊர்களில் காலங்காலமாகப் புழங்கும் சொல் ஒன்று இருக்கிறதே: பங்கு. பங்குச்சாமி, பங்கு மக்கள், பங்குக் கோயில். இதைவிடப் பொருத்தமான சொல் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

பாரிஷின் வேர் கிரேக்கம். 'பாரா' என்றால் அருகில், 'ஒய்கோஸ்' என்றால் வீடு. 'பரொய்கோஸ்' என்பவர் தன் ஊரல்லாத ஊரில் குடியிருக்கும் வெளியூர்க்காரர். தமிழ் வேதாகமத்தில் 1 பேதுரு 2:11-இல் 'அந்நியர்களும் பரதேசிகளும்' என்று வருகிறதல்லவா, அந்த 'அந்நியர்' இவர்தான். இந்த உலகத்தில் நாம் தற்காலிகக் குடிகள் என்று ஆதிக் கிறிஸ்தவர்கள் நினைத்ததால் அவர்களுடைய சமூகத்துக்கே 'பரொய்கியா' என்று பெயர் வந்தது. அது இலத்தீனில் பரோக்கியா ஆகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் பாரிஷ் ஆனது. முதலில் ஆயரின் ஆட்சிப் பகுதியையும் குறித்த சொல், பிற்பாடு ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சிறு பகுதிக்குச் சுருங்கியது.

இங்கிலாந்தில் பாரிஷ் என்பது முதலில் நிலம், எல்லை. வருடத்துக்கொருமுறை ஊரே திரண்டு எல்லைக் கற்களைக் கம்பால் தட்டிக்கொண்டே சுற்றிவரும் வழக்கம் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. 1538 முதல் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்ததும், 1601 சட்டத்துக்குப் பிறகு ஏழைகளைப் பராமரித்ததும் பாரிஷ்தான். இதைத் தெரிந்துகொண்டு போனால் கோயிலுக்குள் கண்ணில் படுவதெல்லாம் வேறு மாதிரி இருக்கும். மூலையில் கிடக்கும் கனத்த மரப்பெட்டியில் மூன்று பூட்டு இருந்தால், ஒரு சாவி குருவிடமும் மற்ற இரண்டும் கோயில் பொறுப்பாளர்கள் இருவரிடமும் இருந்தன, மூவரும் சேர்ந்தால்தான் திறக்க முடியும், ஏனென்றால் உள்ளே இருந்தது ஊரின் கணக்கும் பதிவேடும். மக்கள் நிற்கும் நடுக்கூடத்தைப் பழுதுபார்ப்பது மக்கள் பொறுப்பு, பீடம் இருக்கும் பகுதி குருவின் பொறுப்பு. ஒரே கட்டடத்தில் இரண்டு பாதியும் வேறு வேறு காலத்து வேலைப்பாடாகத் தெரிவதற்குப் பல இடங்களில் இதுவும் ஒரு காரணம்.

பார்க்க வேண்டிய ஒரே ஒரு கோயிலைச் சொல்லச் சொன்னால், வடகிழக்கு இங்கிலாந்தில் டர்ஹாம் பக்கம் எஸ்கோம் கோயிலைச் சொல்வேன். ஏழாம் நூற்றாண்டுக் கட்டடம். பக்கத்திலிருந்த பின்செஸ்டர் ரோமானியக் கோட்டையின் கற்களைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள், ஆறாம் படைப்பிரிவின் பெயர் வெட்டிய கல் ஒன்று சுவரில் தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது.

சரி, பங்கு ஏன் பொருந்துகிறது? 'பகு' என்ற வினைக்கு உறவான சொல் அது; பிரித்துக் கொடுக்கப்பட்ட பகுதி என்பது பொருள். எல்லை போட்ட நிலம் என்ற கருத்து அதிலேயே இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் சொல்லும் 'சேகரம்' அழகான சொல்தான், ஆனால் அது ஒரு குருவின் கீழ் வரும் பல ஊர்ச் சபைகளின் தொகுப்பு. இங்கிலாந்து பாரிஷில் எல்லைக்குள் வசிக்கிற எல்லோரும், கோயிலுக்கே போகாதவர்கள் உட்பட, சேர்ந்தவர்கள்தான். அதனால் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) கோயிலாக இருந்தாலும் நான் பங்குக் கோயில் என்றே எழுதுவேன்.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். 1894 சட்டத்துக்குப் பிறகு அங்கே கிராமங்களில் 'பாரிஷ் கவுன்சில்' என்பது கோயிலிலிருந்து தனியாகப் பிரிந்த உள்ளாட்சி அமைப்பு. அதைப் பங்குப் பேரவை என்று எழுதினால் தப்பு, ஊராட்சி மன்றம் என்றுதான் எழுத வேண்டும்.