அம்மா, நீங்க உட்காருங்க

பெயரைக் கூப்பிட்டதும் நோயாளி நாற்காலியிலிருந்து எப்படி எழுந்திருக்கிறார் என்று பார்ப்பேன். கைப்பிடியை ஊன்றுகிறாரா, இரண்டு முறை முன்னும் பின்னும் ஆடி வேகம் பிடித்து எழுகிறாரா, மகனோ பணிப்பெண்ணோ கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருக்கிறதா? அறைக்குள் வந்து வலி எங்கே என்று அவர் சொல்லத் தொடங்கும்போது எனக்குப் பாதிக் கதை தெரிந்திருக்கும். நான் இயன்முறை சிகிச்சையாளர். டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் நம் ஆட்கள் ‘டாக்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

சென்ற ஆண்டு ஓர் அம்மா வந்தார். வயதையும் இருப்பிடத்தையும் மாற்றிச் சொல்கிறேன்: 68 வயது, சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஐந்தறை வீடு, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், வேலைக்கு ஒரு பணிப்பெண். முட்டி வலி, நீரிழிவு, குளியலறையில் ஒரு முறை விழுந்திருக்கிறார். எலும்பு முறியாமல் தப்பித்தார். “வீட்ல எனக்கு ஒரு கொறையும் இல்லம்மா. ஒரு துரும்பக்கூட எடுத்துப் போட விடமாட்டாங்க” என்றார். பக்கத்தில் நின்ற மகனின் முகத்தில் பெருமை.

கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னேன். இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடலின் இயக்கத் திறன் குறைந்துவிட்டது என்று பொருள். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு ஒன்று 2019-இல் வகுத்த அளவு இது. அவரால் ஒரு முறைகூட எழ முடியவில்லை. கையை விட்டதும் இடுப்பு அரையடி உயர்ந்து திரும்ப விழுந்தது. மகன் பதறி ஓடி வந்தார்: “அம்மா, வேணாம், நீங்க உட்காருங்க!”

உடற்பயிற்சியைப் பற்றி நம்மிடம் உள்ள தவறான நம்பிக்கைகளைப் பட்டியல் போட்டால் பல வரும். எல்லாவற்றுக்கும் தாய் இந்த ஒரு வாக்கியம்தான் என்பது என் எண்ணம். நமக்கு உட்கார வைப்பதுதான் மரியாதை. விருந்தாளி வந்தால் முதல் வார்த்தையே ‘உட்காருங்க’. பெற்றவர்களை ‘உட்கார வைத்துச் சோறு போடுகிறான்’ என்றால் அது பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய பட்டம். வயதானவர் எழுந்து தண்ணீர் எடுத்துக் குடித்தால் வீட்டில் யாரோ கடமை தவறிவிட்டதாக அர்த்தம்.

பிறரைச் சொல்வானேன்? என் அம்மாவுக்கு முட்டி வலி வந்தபோது நான் வாங்கிக் கொடுத்தது மின்விசையில் இயங்கும் சாய்வு நாற்காலி. பொத்தானை அழுத்தினால் அதுவே ஆளைத் தூக்கி நிறுத்திவிடும். ஊராருக்கெல்லாம் எழுந்து நிற்கப் பயிற்சி கொடுத்துச் சம்பாதித்த பணத்தில் அதை வாங்கினேன்.

உட்கார்ந்து தின்றால் குன்றும் கரையும் என்பது சொத்துக்குச் சொன்னது. தொடைத் தசைக்கும் அப்படியே பொருந்தும். நோய்நொடியில்லாத முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்த அமெரிக்க ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அந்தப் பத்து நாளில் கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவான தசை போய்விட்டது. மருத்துவமனையில் ஒரு வாரம் படுத்து எழுந்த தாத்தா ‘கால் பின்னுகிறது’ என்றால் அது மனப்பிரமை இல்லை.

போன தசை திரும்புமா என்று கேட்பார்கள். 1990-இல் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. ஏறக்குறைய மூன்று மடங்கு. தொண்ணூறு வயதில்! ‘இனிமே என்னத்த’ என்று என்னிடம் சொல்லும் 62 வயதுக்காரர்களிடம் இதைத்தான் சொல்வேன். அவர்கள் நம்பமாட்டார்கள். பரவாயில்லை, நம்பாமலேயே செய்தாலும் பலன் உண்டு.

அந்த அம்மா தைப்பூசத்துக்கு நடப்பதை நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. காரணம் கேட்டேன். “முட்டி தேஞ்சுபோச்சுன்னு படம் எடுத்துச் சொன்னாங்க. இருக்கறதையாவது மிச்சம் பிடிக்கணுமில்ல?”

இந்தத் ‘தேய்மானம்’ என்ற சொல்லோடு எனக்குப் பல நாள் சண்டை. செருப்பு தேயும், டயர் தேயும். எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமோ அவ்வளவு நாள் உழைக்கும். அந்தக் கணக்கையே நம் ஆட்கள் முட்டிக்கும் போட்டுவிடுகிறார்கள். குருத்தெலும்பு டயர் இல்லை, உயிருள்ள திசு. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. காலை ஊன்றும்போது அமுங்குகிறது, எடுக்கும்போது விரிகிறது, அந்த அமுக்கத்திலும் விரிவிலும்தான் நீர் உள்ளே போய் வருகிறது. பஞ்சைப் பிழிந்து தண்ணீரில் விட்டால் உறிஞ்சுவதைப் போல. ஆடாமல் அசையாமல் முட்டியைக் காப்பாற்றுகிறேன் என்பவர் உண்மையில் அதைப் பட்டினி போடுகிறார். தொடையின் முன்பக்கத் தசை இளைக்க இளைக்க மூட்டின் மேல் விழும் பாரமும் கூடுகிறது, வலி கூடுகிறது, இன்னும் உட்காருகிறார். எக்ஸ்ரே படமும் வலியும் ஒத்துப்போகவேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மோசமான படத்தோடு மெக்ரிட்சி காட்டுப்பாதையில் நடப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், நல்ல படத்தோடு நொண்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். எடையைப் பொறுத்தவரை, மூட்டுவாதம் உள்ளவர் ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது.

அப்படியானால் வலியோடு நடக்கலாமா? பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் நடக்கலாம். முட்டி வீங்கினாலோ, சூடாக இருந்தாலோ, திடீரென்று மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, மருத்துவரிடம் காட்டிவிட்டு நடங்கள். ‘வலித்தால்தான் பலன்’ என்று பல்லைக் கடிப்பதும் தவறு, வலித்தால் உடனே படுத்துக்கொள்வதும் தவறு.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பழைய அடுக்குமாடிகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது என்பது இங்கே வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஐந்தாவது, ஒன்பதாவது என்று ஏதோ சில மாடிகளில்தான் நிற்கும். மற்றவர்கள் சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடியோ இரண்டு மாடியோ ஏறுவார்கள், அல்லது இறங்குவார்கள். 2001-இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான புளோக்குகளில் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது விடுதலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் நடக்க முடிந்தவர்களிடமிருந்தும் அந்தப் படிகள் காணாமல் போயின. பதிலுக்கு எதையும் நாம் வைத்துக்கொள்ளவில்லை. வாசல் கோலம்கூட இப்போது லிட்டில் இந்தியாவில் வாங்கி ஒட்டுகிற ஸ்டிக்கர். குனிந்து, குந்தி, எழுந்து போட்ட கோலத்தோடு ஒரு நல்ல தொடைப் பயிற்சியும் போய்விட்டது.

படி என்றதும் ஜெரி மோரிஸ் நினைவுக்கு வருகிறார். லண்டன் இரட்டைமாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-இல் ஆய்வு வெளியிட்ட மருத்துவர். ஒரே நிறுவனம், ஒரே வண்டி. ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். டிக்கெட் கொடுப்பவர் மேலும் கீழுமாக நாளுக்கு ஐந்நூறு, அறுநூறு படி ஏறுகிறார். மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவு. அவர்கள் யாரும் ‘எக்சர்சைஸ்’ செய்யப் போகவில்லை, ஜிம் உடை வாங்கவில்லை. வேலைக்குத்தான் போனார்கள்.

அடுத்தது பத்தாயிரம் அடி. மக்களை நடக்கவைக்கும் நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச் இயக்கம் 2015-இல் வந்த பிறகு நம் ஊரில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கும் ஒரு தலைமுறையே உருவாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் 10,000 என்ற எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததில்லை. தோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965-இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி அளக்கும் கருவியின் பெயர் ‘மன்போ கெய்’. ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள். விளம்பரத்துக்கு அழகான முழு எண், அவ்வளவுதான். சராசரி 72 வயதுப் பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. எட்டாயிரத்தோடு நின்றுவிட்டது என்று இரவு பதினோரு மணிக்கு வரவேற்பறையில் வட்டமடிக்கும் மாமாக்கள் தூங்கப் போகலாம். இரண்டாயிரத்தில் இருப்பவர் ‘பத்தாயிரமா, நம்மால ஆகாது’ என்று தொடங்காமலே இருப்பதுதான் எனக்குக் கவலை.

வியர்வை பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சிங்கப்பூரில் பேருந்து நிறுத்தத்தில் சும்மா நின்றாலே வியர்க்கும். உடல் தன்னைக் குளிர்விக்கிறது, கொழுப்பு உருகி வழியவில்லை. வயிற்றில் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு ஓடுவது இந்த வெயிலுக்கு ஆபத்து. அதேபோல தேசிய சேவையின் உடல்தகுதித் தேர்வான ஐபிபிடிக்காகத் தினம் நூறு சிட்-அப் போடும் தம்பிகளுக்கு: வயிற்றுத் தசை வலுவாகும், மேலே உள்ள தொப்பை அதனால் தனியாகக் கரையாது. கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்று உடல்தான் முடிவு செய்யும், நாம் இல்லை.

‘நாள் முழுக்க நின்னுக்கிட்டேதான் இருக்கேன், தனியா எதுக்கு?’ என்பது தேக்கா கடைக்காரர்களும் இல்லத்தரசிகளும் கேட்பது. நியாயமான கேள்வி. வேகமாகத் தரை துடைப்பது, சந்தைக்கு நடந்து போய்ப் பை தூக்கி வருவது எல்லாம் கணக்கில் சேரும். பத்து நிமிடம் தொடர்ச்சியாகச் செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், பேச முடியும், ஆனால் திருப்புகழ் பாட மூச்சுப் பத்தாது என்கிற வேகத்தில் இருந்தால் போதும். ஆனால் நின்றுகொண்டே இருப்பது நடை ஆகாது. வீட்டு வேலையில் தசைக்கு வலுவேற்றும் பங்கும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அது வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். வயதானவர்களுக்கு விழாமல் நிற்கும் சமநிலைப் பயிற்சியும் சேர்த்து மூன்று நாள். கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் தம்பிகள் முதுகு வலியோடு வருவார்கள். அவர்களிடம் ‘இன்னும் அசையுங்கள்’ என்று சொன்னால் அது அபத்தம். ஓய்வும் தூக்கமும் சரியான தூக்கும் முறையும்தான் அவர்களுக்குத் தேவை.

நீரிழிவு நம் இந்தியச் சமூகத்தில் கூடுதல் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அதிகம் தெரியாதது, அசையும் தசை இன்சுலின் உதவி இல்லாமலும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பது. அதனால்தான் சாப்பிட்ட பின் நடப்பதற்கு அவ்வளவு மதிப்பு. ‘சாப்பிட்டதும் நடந்தா வயிறு கெடும்’ என்று பயப்பட வேண்டாம், பதினைந்து நிமிட மெதுநடைக்கு எந்த வயிறும் கெடாது. சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாடு முடித்தால் அடுத்த எம்ஆர்டி ரயில் நிலையம் வரை நடந்துபோய் ஏறுங்கள். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் இனிப்பு வைத்துக்கொள்ளவேண்டும். தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில் நடக்க இருப்பவர்கள், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று முன்பே பரிசோதித்துக்கொள்ளுங்கள். மரத்துப்போன காலுக்குத் தார்ச்சாலையின் சூடு தெரியாது. கொப்புளம் மறுநாள்தான் தெரியும்.

ஈசூன் அம்மாவுக்கு நான் எந்தக் கருவியும் கொடுக்கவில்லை. உயரமான நாற்காலி, அதன்மேல் ஒரு தலையணை, வசந்தம் தொலைக்காட்சியில் தொடர் ஓடும்போது ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கும் ஐந்து முறை எழுந்து உட்காரவேண்டும். இரண்டு வாரத்தில் தலையணையை எடுத்துவிடவேண்டும். தேநீர் கொதிக்கும் வரை சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கவேண்டும். தேநீரை அவரேதான் போடவேண்டும் என்பதை மகனிடம் தனியாகச் சொல்லவேண்டியிருந்தது. “அப்புறம் அவங்கள எதுக்கு வேலைக்கு வெச்சிருக்கோம்?” என்று பணிப்பெண்ணைக் காட்டினார். அம்மா குளிக்கும்போது வெளியே நிற்கட்டும், சமையலறையில் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கட்டும் என்றேன். நெஞ்சு இறுக்கமோ, தலைசுற்றலோ, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்று எழுதியும் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து வந்தார்கள். ஐந்து முறைக்கு 14 விநாடி. 12-க்குள் வரவில்லை, ஆனால் கை ஊன்றவில்லை. முட்டி வலி இருக்கிறது, குறைவாக. முடிந்து கிளம்பும்போது மகன் பழக்கதோஷத்தில் தூக்கிவிடக் கையை நீட்டினார். அம்மா தன் கைப்பையை அதில் மாட்டிவிட்டு எழுந்து நடந்தார்.