"சொந்த வீடு இருக்கா?" என்ற கேள்விக்காக வாங்கும் வீடு

வீட்டுக் கடன் எடுக்கலாமா என்று கேட்டு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் முப்பதை ஒட்டிய வயதுக்காரர்கள். சென்னையில் மேடவாக்கம், போரூர், தாம்பரம் பக்கம் வாடகைக்கு இருப்பார்கள், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போவார்கள், வந்து உட்கார்ந்ததும் சொல்வது ஏறக்குறைய ஒன்றேதான்: "மாசம் 18,000 தண்டமா போகுது மேடம். அதையே இஎம்ஐ-யா கட்டினா வீடாவது நமக்கு மிஞ்சும்." நிதி ஆலோசனைத் தொழிலில் இவ்வளவு காலம் இருந்த பிறகும் இந்த "தண்டம்" என்ற சொல்லைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தலைக்கு மேல் கூரை, குழாயில் தண்ணீர், அலுவலகத்துக்கு அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் வசதி, பிள்ளைக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் என்று இத்தனையும் வாங்கிக்கொண்டு கொடுக்கும் பணம் எப்படித் தண்டமாகும்?

சரி, அந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 18,000 ரூபாய் வாடகைக்குப் போகும் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டை, ஏற்கெனவே ஒருவர் குடியிருந்ததை, 60 லட்சத்துக்கு விலை பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வாடகை 2,16,000. விலையில் நூற்றுக்கு 3.6 பங்கு. அந்த வீட்டை வாங்க வங்கி கொடுக்கும் கடனுக்கு வட்டி நூற்றுக்கு 8.5 என்று எடுத்துக்கொள்வோம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினாலே பாதிப் பேர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி கொடுக்க ரிசர்வ் வங்கி விதி அனுமதிக்காது. ஆக 48 லட்சம் கடன், 12 லட்சம் கைப்பணம். இதற்கு மேல் பத்திரச் செலவு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 60 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 5,40,000. இதையும் நாமேதான் புரட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் பலரும் நகையை அடகு வைக்கிறார்கள் அல்லது பர்சனல் லோன் எடுக்கிறார்கள், அந்த இன்னொரு வட்டி யாருடைய கணக்கிலும் வருவதே இல்லை.

20 ஆண்டுகளுக்கு இஎம்ஐ ஏறக்குறைய 41,650 ரூபாய். முழுத் தவணையும் கட்டி முடிக்கும்போது 48 லட்சத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கோடி கொடுத்திருப்போம். அதைவிட முக்கியமாக நான் காட்டுவது முதல் 5 ஆண்டுகளை. அந்த 60 மாதங்களில் சுமார் 25 லட்சம் கட்டியிருப்போம், அசலில் குறைந்திருப்பதோ 5,70,000 அளவுக்குத்தான், மீதி 19 லட்சத்துக்கு மேல் வட்டியாகப் போயிருக்கும். அதே 5 ஆண்டுகளுக்கு வாடகை ஆண்டுதோறும் 5 சதவீதம் ஏறினாலும் மொத்தம் 12 லட்சத்துக்குள் அடங்கிவிடும். வாடகை திரும்பி வராத பணம் என்றால் அந்த 19 லட்சமும் திரும்பி வராத பணம்தானே. விலை ஏறாதா என்று கேட்பார்கள். ஏறலாம். ஆனால் ஃபிளாட்டில் ஏறுவது நம் பங்குக்கு வரும் நிலத்தின் மதிப்பு, அதாவது யுடிஎஸ், கட்டடம் வருஷத்துக்கு வருஷம் பழசாகிக்கொண்டே போகும். யுடிஎஸ் எத்தனை சதுர அடி என்று தெரியாமலே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருபவர்களைப் பார்க்கிறேன்.

வட்டி அப்படியே நிற்கும் என்றும் நினைக்க வேண்டாம். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம், 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்குப் போனது. ஃப்ளோட்டிங், அதாவது ஏறி இறங்கும் வட்டியில் இருந்த ஏராளமானோருக்கு இஎம்ஐ மாறவில்லை, அதனால் எதுவும் நடக்கவில்லை என்றே நினைத்திருந்தார்கள், ஆனால் தவணைக் காலம் பல ஆண்டுகள் நீண்டிருந்தது. அதன் பிறகுதான், 2023 ஆகஸ்டில், வட்டி மாறும்போது இஎம்ஐ-யைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி சொன்னது. உங்கள் கடன் எந்த ஆண்டில் முடிகிறது என்று வங்கியின் செயலியில் இன்றே பாருங்கள்.

இவ்வளவு கணக்கும் காட்டிய பிறகு, "நீங்க சொல்றது புரியுது, ஆனா..." என்று ஆரம்பிப்பார்கள். அந்த "ஆனா"வுக்குப் பின்னால் வருவதுதான் உண்மையான காரணம். அதில் பணம் இருக்காது.

"தங்கச்சிக்கு வரன் பார்க்கிறோம், மாப்பிள்ளை வீட்டுல சொந்த வீடான்னு கேக்கறாங்க." "மாமனார் வீட்டுக்குப் போனா ஒவ்வொரு தடவையும் அதே பேச்சு." "கூட வேலை பாக்குறவங்க எல்லாரும் வாங்கிட்டாங்க." வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்ற பழமொழி அந்த இரண்டும் எவ்வளவு கஷ்டம் என்று எச்சரிக்கச் சொன்னது, நம் வீடுகளில் அது இரண்டையும் செய்து காட்டினால்தான் ஆள் என்று ஆகிவிட்டது. ஜாதகத்தோடு கொடுக்கும் பயோடேட்டாவில் சொந்த வீடு என்று ஒரு வரி இருக்கும். 42 லட்சம் கடன் பாக்கியுள்ள ஃபிளாட்டும் அந்த வரியில் சொந்த வீடுதான். வாடகையில் இருந்துகொண்டு 30 லட்சம் சேர்த்து வைத்திருக்கும் பையனுக்கு அந்த வரி காலி. இந்த ஒரு வரிக்காக 28 வயதில் 20 ஆண்டுக் கடனில் நுழைந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடப்பதும் எனக்குத் தெரியும். இரண்டு சம்பளத்தை நம்பி எடுத்த கடன், குழந்தை பிறந்ததும் ஒரு சம்பளத்தில் நிற்கும். முதலில் நிறுத்துவது மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம். அப்புறம் சேமிப்பு. புனேயிலோ ஹைதராபாத்திலோ நல்ல வேலை கிடைத்தாலும் வீட்டை விட்டுப் போக மனம் வராது. வாடகைக்கு விட்டுவிட்டுப் போனாலோ வரும் வாடகை இஎம்ஐ-யில் பாதிகூடத் தேறாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் கிரகப்பிரவேசத்துக்கு மட்டும் பல லட்சம் கடன் வாங்கினார்கள். ஊரைக் கூட்டி விருந்து போட்டுவிட்டு, அடுத்த மாதமே பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் கிரெடிட் கார்டைத் தேய்த்தார்கள். அவர்கள் ஊதாரிகள் இல்லை. வாடகை வீட்டில் இருந்தபோது சொந்தக்காரர்கள் பேசிய பேச்சுக்கு ஒருநாள் பதில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

இளைஞர்களைவிட எனக்கு அதிகக் கவலை தருவது ஓய்வுபெறும் பெற்றோர். முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து வந்த பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டு, பிள்ளைகள் யாரும் திரும்பிப் போகப்போவதில்லை என்று தெரிந்தே, சொந்த ஊரில் மாடி வைத்து வீடு கட்டுகிறார்கள். "வாழ்ந்ததுக்கு ஒரு அடையாளம் வேணும்லம்மா" என்பார்கள். பென்ஷன் இல்லாத தனியார் வேலைக்காரர்களாக இருந்தால் அந்த நாளிலிருந்து மாதச் செலவுக்கு மகனிடம் கை நீட்ட வேண்டும். அப்பா காலமான பிறகு அம்மா மூன்று பெட்ரூம் வீட்டில் தனியாக, சர்க்கரை மாத்திரைக்கும் மகள் அனுப்பும் பணத்துக்காகக் காத்திருக்கிறார். வீட்டின் மதிப்பு 80 லட்சம், கையில் இருப்பது நாலாயிரம். 60 வயது கடந்தவர்கள் தங்கள் வீட்டின் பேரில் வங்கியிடமிருந்து மாதந்தோறும் பணம் பெறும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் திட்டம் நம் நாட்டில் 2007-லிருந்தே இருக்கிறது, சொன்னால், "வீட்டை அடகு வச்சுட்டாங்கன்னு ஊரு பேசும்" என்று மறுத்துவிடுவார்கள். ஓய்வுக் காலப் பணத்தில் பாதிக்கு மேல் செங்கல்லில் போடாதீர்கள் என்று ஒவ்வொரு அப்பாவிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்லி வருகிறேன்.

இதனால் வாடகைதான் சிறந்தது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாடகை வீட்டு வாழ்க்கையில் இருக்கும் அவமானங்கள் உண்மையானவை. வீடு பார்க்கப் போனால் பெயரைக் கேட்டவுடன் முகம் மாறும், "நீங்க எந்த ஆளுங்க" என்று நேராகவே கேட்பார்கள், சைவம் மட்டும் என்பார்கள், முஸ்லிம் என்றாலோ தனியாக வாழும் பெண் என்றாலோ பல இடங்களில் "ஏற்கெனவே வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்" என்று கதவு மூடும். குடிபோன பிறகு சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, ஊரிலிருந்து ஆள் வந்து நாலு நாள் தங்கினால் தண்ணீர் கணக்கு, கரண்டுக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனி விலை. எல்லாவற்றுக்கும் மேல் சாவு. வாடகைக்கு இருக்கும் முதியவர் ஆஸ்பத்திரியில் இறந்தால் உடலை உள்ளே கொண்டுவர விடாத உரிமையாளர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மயானத்துக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. "என்னைச் சொந்த வீட்டுல இருந்து தூக்கிட்டுப் போகணும்டா" என்று அப்பா கேட்டார் என்று ஒரு மகன் சொன்னால், அதற்கு எதிராக நான் எந்தக் கணக்கையும் வைப்பதில்லை. அது நியாயமான ஆசை. அதை ஒரு மனிதருக்குக் கடன் வாங்கித்தான் நிறைவேற்ற வேண்டும் என்ற நிலைக்கு வீட்டு உரிமையாளர்கள்தான் பொறுப்பு. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் யாராவது இதைப் படித்தால், இந்த ஒன்றை மட்டுமாவது மாற்றிக்கொள்ளுங்கள்.

மற்றவற்றில் சிலவற்றுக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது, வாடகைதாரர்களுக்குத்தான் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். தனியாக வேறு ஒப்புக்கொண்டால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தே பழகிவிட்டதால் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், அந்த "வேறு ஒப்புக்கொண்டால்" என்ற வரி இருப்பதால் கையெழுத்துப் போடும் முன்பே பேச வேண்டியது நம் வேலை. வீட்டைக் காலி செய்து ஒப்படைத்தால் நாம் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். தகராறு என்றால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. முன்கூட்டிச் சொல்லாமல் உரிமையாளர் வீட்டுக்குள் நுழையவும் கூடாது.

ஒத்திக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, சென்னையில் இதையே லீஸ் என்கிறார்கள். மாத வாடகை இல்லை, எட்டு லட்சம் கொடுத்தால் போகும்போது அப்படியே திரும்பி வரும் என்பது கேட்க நன்றாக இருக்கும். அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, உரிமையாளர் கட்டாமல் விட்டு, வங்கி ஏலத்துக்கு வந்துவிட்டால் உங்கள் எட்டு லட்சத்துக்கு வரிசையில் கடைசி இடம்தான். கொடுப்பதற்கு முன் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள், மூலப்பத்திரம் உரிமையாளர் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள், வெறும் முத்திரைத்தாளில் எழுதி முடிக்காமல் ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள்.

வாங்கத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்களை நான் தடுப்பதில்லை. அதே ஊரில் பத்து வருஷமாவது இருப்போம் என்று தெரிந்திருக்க வேண்டும், ஒரு சம்பளம் நின்றாலும் இன்னொன்றில் இஎம்ஐ போக வேண்டும், ஆறு மாத இஎம்ஐ தனியாக வங்கியில் கிடக்க வேண்டும், கடன் தொகைக்குக் குறையாமல் டெர்ம் இன்சூரன்ஸ், அதாவது இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு, இருக்க வேண்டும். அப்புறம் ஒரு சோதனை. வாடகைக்கும் வரப்போகும் இஎம்ஐ-க்கும் உள்ள வித்தியாசத்தை, மேலே சொன்ன கணக்கில் மாதம் 23,650 ரூபாய், ஓராண்டுக்கு ஆர்டி-யில், அதாவது வங்கியின் மாதத் தவணைச் சேமிப்பில், போடச் சொல்கிறேன். தீபாவளி, பள்ளிக் கட்டணம், ஊர்த் திருவிழா எல்லாம் வந்து போகும் ஒரு முழு ஆண்டு. ஒரு தவணைகூடத் தவறாமல் போட முடிந்தவர்கள் தைரியமாகக் கடன் எடுக்கலாம், 2,80,000-க்கு மேல் கைப்பணமும் சேர்ந்திருக்கும். நாலாவது மாதமே நிறுத்தியவர்கள் வேறு யார் சொல்லியும் தெரிந்துகொள்ள முடியாததைத் தெரிந்துகொள்வார்கள்.

இரண்டாவது சந்திப்புக்கு வரும்போது பெற்றோரையும் அழைத்து வரச் சொல்வது என் வழக்கம், பெண் கொடுத்தவர்களும் வந்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் முடிவு பெரும்பாலும் அவர்கள் பேச்சில்தான் நடக்கிறது, இஎம்ஐ மட்டும் பிள்ளைகள் சம்பளத்தில் போகிறது. அந்த 5 ஆண்டுக் கணக்கை அவர்கள் முன்னால் வைத்து, எந்த மாதம் எவ்வளவு கையில் நிற்கும் என்று வரி வரியாகப் படித்துக் காட்டுகிறேன். சில அம்மாக்கள் அன்றைக்கே, "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்பா" என்று சொல்லிவிடுகிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்களிடம் ஆர்டி கணக்கைத் தொடங்கச் சொல்லி, பத்திர நகலையும் வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞரிடம் கொடுத்துச் சட்டக் கருத்து வாங்கி வரச் சொல்கிறேன்.