மீநாட்டுச் சட்டம்

உறுப்புநாடுகளுக்கு மேலாக நின்று அவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தையும் சட்டத்தையும் சுட்டும் ‘சுப்ராநேஷனல்’ என்ற சொல்லின் முன்னொட்டு இலத்தீனில் ‘மேலே’ எனப் பொருள்படும். ஆறு ஐரோப்பிய நாடுகள் 1951இல் பாரிசில் கையெழுத்திட்ட நிலக்கரி, எஃகுச் சமூக ஒப்பந்தத்தின் 9ஆவது விதியில் அச்சொல் இடம்பெற்றது. அச்சமூகத்தை நடத்திய உயர் ஆணையத்தின் உறுப்பினர்கள் எந்த அரசின் கட்டளையையும் ஏற்கக் கூடாது என்பதே அவ்விதியின் உயிர்.

தமிழில் இதைப் ‘பன்னாட்டு’ என்பது பொருந்தாது. பன்னாட்டுச் சட்டத்தில் நாடுகள் சமமாக நின்று தத்தம் இசைவால் கட்டுப்படுகின்றன. ‘மேல்நாட்டு’ என்றாலோ ஐரோப்பாவும் அமெரிக்காவுமே நினைவுக்கு வரும். வள்ளுவர் ‘மீக்கூறும்’ (குறள் 386) என்றதிலும், இன்றைய ‘மீயொலி’யிலும் உள்ள ‘மீ’ உயர்வைத் தெளிவாகத் தருவதால், ‘மீநாட்டு’ என்பதே தக்க சொல் என்று உறுதியாகக் கருதுகிறேன். கோலாலம்பூரில் வாழும் நமக்கு இந்த வேறுபாடு முக்கியமானது: 2008 டிசம்பரில் நடப்புக்கு வந்த ஆசியான் சாசனம், கலந்தாலோசனையும் கருத்தொற்றுமையுமே முடிவெடுக்கும் வழி என்று 20ஆவது விதியில் கூறுவதால், ஆசியானின் உடன்பாடுகள் வட்டாரச் சட்டமே தவிர மீநாட்டுச் சட்டம் அல்ல.

மோதலின்போதுதான் இச்சொல்லின் முழுக் கனமும் தெரிகிறது. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1267ஆம் தீர்மானத்தை (1999) ஒட்டி, பயங்கரவாதத் தொடர்புடையோர் எனக் கருதப்பட்டோரின் தடைப்பட்டியலில் சவூதி வணிகர் ஒருவர் சேர்க்கப்பட்டார். முன்சொன்ன சமூகத்தின் வழிவந்த ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தன் ஒழுங்குவிதியாக்கி (உறுப்புநாடுகள் அனைத்திலும் நேரடியாகச் செல்லும் சட்டமாக்கி), அவருக்குக் காரணம் தெரிவிக்காமலும் விளக்கம் கேளாமலும் சொத்துகளை முடக்கியது. லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2008 செப்டம்பர் 3 அன்று, ஐ.நா. தீர்மானத்தைத் தொடாமல், அந்த ஒழுங்குவிதி அவரளவில் செல்லாது எனத் தீர்ப்பளித்து, குறையைச் சரிசெய்ய மூன்று மாதங்கள் வரை அவகாசம் தந்தது. ஒருவரைக் கேளாமல் தண்டிக்கலாகாது என்பதால் அத்தீர்ப்பு நியாயமானதே. ஆனால் ஐ.நா. சாசனத்தின் 103ஆவது விதி, வேறெந்த உடன்படிக்கையோடு முரண்பட்டாலும் சாசனக் கடமையே மேலோங்கும் என்கிறது. இதனால் உறுப்புநாடு ஒன்று நீதிமன்றத்திற்குப் பணிந்தால் சாசனத்தையும், சாசனத்திற்குப் பணிந்தால் நீதிமன்றத்தையும் மீற நேரிடும். இந்நிலையைக் ‘கடமை முரண்’ எனலாம்.

ஒன்றியத்தில் சேருமுன் பிற நாடுகளோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களுக்கு மட்டும், ஒன்றியத்தின் செயற்பாட்டு ஒப்பந்தம் 351ஆவது விதியில் வழிவிடுகிறது: அவை செல்லும், ஆயினும் முரண்பாட்டை நீக்க உறுப்புநாடு தக்க நடவடிக்கை அனைத்தையும் எடுத்தாக வேண்டும்.